சம்மனில் ‘3-வது எதிரி’ என்று மகன் பெயர்: குற்றம் உறுதியாகிவிட்டதா?

கேள்வி:

“வக்கீல் ஐயாவுக்கு வணக்கம். நாங்கள் திண்டுக்கல் மாவட்டத்தில் ஒரு கிராமம். போன வருடம் வைகாசித் திருவிழாவில் ரேடியோ செட் விஷயமாக இரண்டு தெருப் பையன்களுக்குள் கைகலப்பாகிவிட்டது. மேலத்தெருப் பையன் ஒருவனுக்கு உருட்டுக்கட்டையால் அடிபட்டுத் தலையில் தையல். என் மகனையும் சேர்த்து ஐந்து பேர் மேல் கேஸ். ஒன்பது நாள் உள்ளே இருந்துவிட்டு ஜாமீனில் வந்தான். ஸ்டேஷனில் கையெழுத்தும் போட்டு முடித்தான். அதோடு தீர்ந்தது என்று இருந்தோம். இப்போது கோர்ட்டிலிருந்து சம்மன் வந்திருக்கிறது. அதில் ‘3-வது எதிரி’ என்று அவன் பெயர், பக்கத்தில் 296(பி), 115(2), 118(1), 351(3) என்று பிரிவுகள். குற்றப்பத்திரிகை தாக்கலாகி, கோப்புக்கு எடுத்துவிட்டார்களாம். அடுத்து சார்ஜ் ஃபிரேம் பண்ணுவார்கள் என்கிறார் எங்கள் வக்கீல். அப்படியென்றால் குற்றம் உறுதியாகிவிட்டதா? இதில் ஏழு வருடம் வரை உண்டு என்று ஊரில் பயமுறுத்துகிறார்கள். ‘ஒப்புக்கொண்டு ஃபைன் கட்டிவிடுங்கள், ஒரே நாளில் முடிந்துவிடும்’ என்று கோர்ட் வாசலில் ஒருவர் சொன்னார். இன்னொருவர் அரசாங்க வக்கீலிடம் பேசி கேஸை வாபஸ் வாங்கித் தருகிறேன் என்கிறார். மகன் போலீஸ் வேலைக்குப் படித்துக்கொண்டிருக்கிறான். பெயர் போட வேண்டாம் ஐயா.”

பதில்:

அம்மா, உறுதியாகவில்லை. உங்கள் மகன் மேல் எதுவும் இன்னும் நிரூபிக்கப்படவில்லை. கோர்ட் விசாரணையே இனிமேல்தான் ஆரம்பிக்கப் போகிறது. அதற்குள் ஃபைன் கட்டச் சொன்னவர் பேச்சைக் கேட்டு எதிலும் கையெழுத்துப் போட்டுவிட வேண்டாம். உங்கள் கடிதத்திலேயே ஆபத்தான இடம் அதுதான். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் அந்த ‘எதிரி’. தமிழில் எழுதப்படும் குற்றவியல் கோர்ட் காகிதங்களில் குற்றம் சாட்டப்பட்டவரை ‘எதிரி’ என்றுதான் குறிப்பிடுவார்கள். வக்கீல்கள் பேச்சில் அதுவே ஏ1, ஏ2, ஏ3. அந்த எண் போலீஸ் போட்ட வரிசை, அவ்வளவுதான். யார் மேல் முக்கியமான குற்றச்சாட்டோ அவரைப் பெரும்பாலும் முதலில் போடுவார்கள். ஆனால் மூன்றாவதாக இருப்பவர் விடுதலையாகி ஐந்தாவதாக இருப்பவர் தண்டனை பெறுவதும் உண்டு. இதைப் பத்திரிகைகளும் டி.வி.க்காரர்களும் ‘முதல் குற்றவாளி’, ‘மூன்றாம் குற்றவாளி’ என்று மொழிபெயர்த்துப் போட்டே ஊரைக் கெடுத்து வைத்திருக்கிறார்கள். தீர்ப்பு வரும்வரை யாரும் குற்றவாளி கிடையாது.

கிரிமினல் கேஸில் காதில் விழும் சொற்கள் பெரும்பாலும் ஒவ்வொரு கட்டத்தின் பெயர்கள். எந்தக் கட்டத்தில் நிற்கிறோம் என்று தெரிந்தால், கேஸ் இப்போது யார் கையில் இருக்கிறது, நமக்கு என்ன உரிமை, அதை எத்தனை நாளுக்குள் கேட்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். அதனால் உங்கள் மகன் கடந்து வந்த வழியிலேயே போகலாம்.

திருவிழா முடிந்த கையோடு யாரோ ஸ்டேஷனில் புகார் கொடுத்திருப்பார்கள். புகார் வாங்கியதற்கு அடையாளமாகத் தரும் ரசீதுதான் சி.எஸ்.ஆர். அது வழக்கு இல்லை. வழக்கு பிறப்பது எஃப்.ஐ.ஆர். போட்ட பிறகு. அதில் இருப்பது புகார்தாரர் சொன்ன கதை. அது உண்மையா என்று போலீஸ் அந்த நேரத்தில் பார்த்து முடித்திருக்க வேண்டியதில்லை. அதனால் எஃப்.ஐ.ஆரில் பெயர் இருப்பது மட்டுமே யாரையும் தண்டிக்கப் போதாது.

அதன் பிறகு கைது, ரிமாண்டு. கைது செய்தவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். அவர் உத்தரவு போட்டுச் சிறைக்கு அனுப்புவதுதான் ரிமாண்டு. ‘ஒன்பது நாள் உள்ளே இருந்தான்’ என்பதைப் பலர் தண்டனை அனுபவித்ததாகப் பேசுவார்கள். அது புலன்விசாரணைக் காலத்துக் காவல். இன்னொன்று, கைதானபோது உங்கள் மகன் ‘ஒப்புதல் வாக்குமூலம்’ கொடுத்ததாக ஏதாவது காகிதத்தில் பார்த்திருந்தால் அதற்காகக் கலங்க வேண்டாம். போலீஸ் அதிகாரியிடம் சொன்ன ஒப்புதலை எதிரிக்கு எதிராக நிரூபிக்க முடியாது. புதிய சாட்சியச் சட்டத்தில் அது 23-வது பிரிவு. அந்த வாக்குமூலத்தின் பேரில் கட்டையோ கத்தியோ கண்டுபிடித்திருந்தால், அந்தக் கண்டுபிடிப்போடு நேரடியாகச் சம்பந்தப்பட்ட பகுதி மட்டும் கோர்ட்டில் வரும்.

புலன்விசாரணை முடிந்ததும் இன்ஸ்பெக்டரோ எஸ்.ஐ.யோ கோர்ட்டுக்கு ஓர் இறுதி அறிக்கை அனுப்ப வேண்டும். ‘குற்றம் நடந்ததற்கு முகாந்திரம் இருக்கிறது, இவர்கள்தான் செய்தார்கள், சாட்சிகள் இவர்கள்’ என்று அறிக்கை வந்தால் அதுதான் குற்றப்பத்திரிகை. ‘புகாரில் உண்மை இல்லை’ என்று வந்தால் மிஸ்டேக் ஆஃப் ஃபேக்ட் என்பார்கள். அப்போது புகார்தாரருக்கு, கேஸை இப்படி முடிக்கிறோம் என்று தெரிவிக்கும் ஆர்.சி.எஸ். நோட்டீஸ் போகும், ஆட்சேபம் இருந்தால் அவர் கோர்ட்டில் சொல்லலாம். உங்கள் கேஸில் வந்திருப்பது முதல் வகை. ஆக, குற்றப்பத்திரிகை என்பது போலீஸின் முடிவு. கோர்ட்டின் முடிவு இல்லை.

‘கோப்புக்கு எடுத்தல்’ என்பது அடுத்த படி. மாஜிஸ்திரேட் அந்த அறிக்கையைப் பார்த்து, இதை மேலே கொண்டுபோகலாம் என்று கோர்ட் கணக்கில் ஏற்றுக்கொள்கிறார். உடனே கேஸுக்கு ஒரு கோர்ட் நம்பர் விழும். உங்கள் சம்மனைப் பாருங்கள், சி.சி. என்று போட்டு ஓர் எண்ணும் வருடமும் இருக்கும். பி.ஆர்.சி. என்று இருந்தால் கொலை, கொலை முயற்சி போன்ற பெரிய கேஸ், செஷன்ஸ் கோர்ட்டுக்குப் போகப் போகிறது என்று அர்த்தம். எஸ்.சி. என்று இருந்தால் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது. உங்கள் பிரிவுகளைப் பார்த்தால் சி.சி.யாகத்தான் இருக்க வேண்டும், மாஜிஸ்திரேட் கோர்ட்டிலேயே நடக்கும்.

பிரிவுகள். சம்பவம் 2024 ஜூலை 1-க்குப் பிறகு நடந்ததால் பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டத்தின் எண்கள் போட்டிருக்கிறார்கள். பழைய எண்களில் சொன்னால் உங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கே புரியும்: 294(பி), 323, 324, 506(2). தமிழ்நாட்டில் அடிதடி எஃப்.ஐ.ஆர். என்றால் இந்த நால்வரும் பெரும்பாலும் கைகோத்துக்கொண்டுதான் வருவார்கள். ஆபாசமாகத் திட்டியது, கையால் அடித்தது, ஆயுதத்தால் காயப்படுத்தியது, கொன்றுவிடுவேன் என்று மிரட்டியது. சண்டையில் இது நான்கும் நடந்ததோ இல்லையோ, காகிதத்தில் நடந்திருக்கும். ஏழு வருடம் என்று ஊரில் சொல்வது 351(3)-க்குச் சட்டத்தில் இருக்கும் உச்ச வரம்பு. முதல் வகுப்பு மாஜிஸ்திரேட் ஒரு குற்றத்துக்கு மூன்று வருடத்துக்கு மேல் தண்டனை கொடுக்கவே அவருக்கு அதிகாரம் இல்லை. 118(1)-க்கு உச்ச வரம்பே மூன்று வருடம்தான், அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். முதல் தடவை கேஸில் மாட்டிய ஒரு பையனுக்கு உச்ச வரம்பைத் தூக்கிக் கொடுப்பது அபூர்வம். அதற்காக அலட்சியமாக இருக்கச் சொல்லவில்லை, தூக்கம் போகும் அளவுக்குப் பயப்பட வேண்டாம் என்கிறேன்.

இந்த நான்கில் கனமானது 118(1). ஜாமீன் உரிமையாகக் கிடைக்காமல் ரிமாண்டு வரை போனதற்கு அதுவே போதும். சுடுவது, குத்துவது, வெட்டுவது போன்றவற்றுக்கான கருவி, அல்லது ஆயுதமாகப் பயன்படுத்தினால் உயிர் போகக்கூடிய பொருள் ஒன்றால் காயப்படுத்தியிருக்க வேண்டும் என்பது அதன் சாரம். உருட்டுக்கட்டை அதில் அடங்குமா என்பது கட்டையின் அளவு, அடித்த இடம், காயம் எல்லாவற்றையும் பொறுத்தது. அதைவிட முக்கியமான கேள்வி, கட்டையை வைத்திருந்தது யார் என்று சாட்சிகள் சொல்கிறார்கள்? சம்மனில் 3(5) என்று ஓர் எண்ணும் இருந்தால், எல்லோரும் ஒரே எண்ணத்தோடு செய்தார்கள், அதனால் ஒருவன் அடித்தாலும் எல்லோரும் பொறுப்பு என்று போலீஸ் சொல்கிறது என்று அர்த்தம். நீங்கள் கொடுத்த பட்டியலில் அது இல்லை. உங்கள் வக்கீலிடம் கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால் உங்கள் மகன் தனியாக என்ன செய்தான் என்பதுதான் கேள்வியாகும்.

இதையெல்லாம் எங்கே பார்ப்பது? ‘காப்பி வாங்குவது’ என்று வக்கீல்கள் சொல்வது இதற்காகத்தான். உங்கள் மகன் கோர்ட்டில் ஆஜரான நாளிலிருந்து 14 நாளுக்குள் எஃப்.ஐ.ஆர்., குற்றப்பத்திரிகை, சாட்சிகளின் வாக்குமூலங்கள், ஆவணங்கள் எல்லாவற்றின் நகலையும் இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்கிறது புதிய நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 230-வது பிரிவு. அந்த நகல்களை வாங்கி ஓரமாக வைத்துவிடுகிறவர்கள்தான் அதிகம். நீங்கள் உட்கார்ந்து படியுங்கள், அல்லது மகனைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். ஒவ்வொரு சாட்சியும் உங்கள் மகன் பெயரை எந்த வரியில், என்ன செய்ததாகச் சொல்கிறார் என்று பென்சிலால் கோடு போடுங்கள். ஆஸ்பத்திரியில் முதலில் எழுதிய ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) காப்பியைத் தவறாமல் பாருங்கள். அடிபட்டவர் டாக்டரிடம் ‘தெரிந்த இரண்டு பேர் கட்டையால் அடித்தார்கள்’ என்று சொல்லியிருக்க, எஃப்.ஐ.ஆரில் அது ஐந்து பேராக வளர்ந்திருக்கலாம். இப்படி எத்தனையோ கேஸில் பார்த்திருக்கிறேன். குறுக்கு விசாரணைக்கு வக்கீலுக்கு வேண்டிய சரக்கு அங்கேதான் கிடைக்கும்.

நகல் கைக்கு வந்த நாளிலிருந்து ஒரு கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. ‘என் மேல் விசாரணை நடத்தவே போதிய ஆதாரம் இல்லை, என்னை விடுவியுங்கள்’ என்று மனு போட 60 நாள் அவகாசம். அதே நடைமுறைச் சட்டத்தின் 262-வது பிரிவு. வக்கீல்கள் டிஸ்சார்ஜ் மனு என்பார்கள். பழைய சட்டத்தில் இந்த 60 நாள் கெடு இல்லாததால் பலருக்கு இன்னும் இது பழகவில்லை. மனு போடலாமா வேண்டாமா என்பதை நகலைப் படித்த பிறகுதான் சொல்ல முடியும். சாட்சிகள் மூன்று பேர் உங்கள் மகன் கட்டையால் அடித்ததாகச் சொல்லியிருந்தால் இந்த மனு நிற்காது. இந்தக் கட்டத்தில் கோர்ட் சாட்சியம் உண்மையா பொய்யா என்று எடை போடாது. பலமான சந்தேகம் இருந்தாலே விசாரணைக்குப் போகலாம் என்று உச்ச நீதிமன்றம் 1977-லேயே சொல்லிவிட்டது. மாறாக, எல்லோரும் பொதுவாக ‘இவனும் இருந்தான்’ என்று மட்டும் சொல்லியிருந்தால் முயன்று பார்க்கலாம்.

மனு போடவில்லை, அல்லது தள்ளுபடியாகிவிட்டது என்றால் அடுத்தது உங்கள் வக்கீல் சொன்ன சார்ஜ் ஃபிரேம். தமிழில் குற்றச்சாட்டு வனைதல். போலீஸ் எழுதியதைப் படித்துவிட்டு, ‘இன்ன நாளில், இன்ன இடத்தில், இன்ன ஆளை இப்படிச் செய்ததாக உன் மேல் இந்தப் பிரிவில் குற்றச்சாட்டு’ என்று மாஜிஸ்திரேட் தன் கையால் வரையறுப்பது. போலீஸ் போட்ட ஒரு பிரிவை அவர் விட்டுவிடலாம். தீர்ப்புக்கு முன் எப்போது வேண்டுமானாலும் மாற்றவும் சேர்க்கவும் செய்யலாம். சார்ஜ் பற்றிய முதல் வாய்தாவிலிருந்து 60 நாளுக்குள் இதைச் செய்ய வேண்டும் என்கிறது 263-வது பிரிவு. இந்தக் கட்டத்திலும் குற்றம் நிரூபிக்கப்பட்டதாக அர்த்தம் இல்லை.

அன்றைக்குத்தான் உங்கள் மகனைக் கூண்டில் நிறுத்தி குற்றச்சாட்டைப் படித்துக் காட்டி, “குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா?” என்று கேட்பார்கள். கோர்ட் வாசல் ஆள் சொன்ன ஃபைன் விவகாரம் வந்து நிற்பது இந்த நிமிடத்தில்தான். ஒப்புக்கொள்கிறேன் என்று சொன்னால் மாஜிஸ்திரேட் அதைப் பதிவு செய்து அந்த அடிப்படையிலேயே தண்டனை கொடுக்கலாம். அபராதம் 1,000 ரூபாயாகவே இருக்கட்டும். ரசீதைப் பார்த்தால் ஏதோ ஹெல்மெட் போடாததற்குக் கட்டியது போல இருக்கும். ஆனால் சட்டத்தின் கண்ணில் அன்று முதல் அவன் தண்டிக்கப்பட்டவன். ‘கேஸ் முடிந்துவிட்டது’ என்று அந்த ஆள் சொன்னது பொய்யில்லை. எப்படி முடிந்தது என்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டார். போலீஸ் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது தண்டனை பெற்றிருக்கிறீர்களா என்ற இடத்தில் ஆம் என்று எழுதும் நிலைக்கு ஒரு பையனைத் தள்ளிவிட்டு, அலையாமல் முடித்துக் கொடுத்தேன் என்று பெருமைப்படுகிறவர்கள் உண்டு. தண்டனைக் குறைப்புப் பேரம் என்று புதிதாக யாராவது வந்து சொன்னாலும் இதே எச்சரிக்கைதான். அதுவும் குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனை வாங்குவதே.

ஒப்புக்கொள்ளவில்லை என்று சொன்னால் சாட்சி விசாரணை. சம்மனோ நகலோ தமிழில் இருந்தால் அ.சா.1, அ.சா.2 என்று வருவது அரசு தரப்பு சாட்சிகள். அரசு தரப்பு அவர்களை முதலில் விசாரிக்கும், பிறகு உங்கள் வக்கீல் குறுக்கு விசாரணை செய்வார். புலன்விசாரணையில் சொன்னதை ஒரு சாட்சி கூண்டில் வந்து மறுத்தால் பிறழ் சாட்சி. எல்லாம் முடிந்தபின் மாஜிஸ்திரேட் உங்கள் மகனிடம் நேரடியாகக் கேள்வி கேட்பார். பழைய பழக்கத்தில் எல்லோரும் 313 என்பார்கள், இப்போது புதிய நடைமுறைச் சட்டத்தின் 351 (சம்மனில் இருக்கும் 351(3) வேறு). அதில் சத்தியப்பிரமாணம் கிடையாது. பதில் சொல்லாமல் இருந்தாலோ தப்பாகச் சொன்னாலோ அதற்காகத் தண்டனையும் கிடையாது. ஆனாலும் அன்று என்ன சொல்வது என்பதை முன்கூட்டியே வக்கீலோடு பேசி வைத்துக்கொள்வது நல்லது.

அரசு வக்கீல் விஷயம். மாஜிஸ்திரேட் கோர்ட்டில் அரசு தரப்பில் நிற்பவர் அரசு உதவி வழக்கறிஞர், எல்லோரும் ஏ.பி.பி. என்பார்கள். அவர் போலீஸின் ஆள் இல்லை. யாரைக் கைது செய்வது, யார் மேல் குற்றப்பத்திரிகை போடுவது என்று முடிவு செய்வது புலன்விசாரணை அதிகாரியின் வேலை. அதில் அரசு வழக்கறிஞர் தலையிடும்படி செய்யக்கூடாது என்று 2000-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது, அதுவும் தமிழ்நாட்டிலிருந்து போன கேஸில்தான். குற்றப்பத்திரிகை கோர்ட்டுக்கு வந்தபின் அதை நடத்துவது ஏ.பி.பி.யின் பொறுப்பு. கேஸை வாபஸ் பெற அவருக்கு 360-வது பிரிவில் வழி இருக்கிறது. ஆனால் கோர்ட் அனுமதி இல்லாமல் முடியாது. நடைமுறையில் போராட்டக் கேஸ்களை வாபஸ் பெறுவதாக அரசு அறிவிக்கிறதே, அது போன்றவற்றில்தான் இதைப் பார்க்கலாம். ஒரு தெருச் சண்டைக் கேஸை, யாரோ ஒருவர் நடுவில் நின்று, ‘பேசி’ வாபஸ் வாங்கித் தருவார் என்பதை நம்பிப் பணம் கொடுத்தால் பணம்தான் போகும். அது தவிர, அது இன்னொரு குற்றம்.

சமரசம் வேறு விஷயம், அதற்கு நேர்மையான வழி இருக்கிறது. 115(2) போன்ற சின்னக் காயக் கேஸ்களில் அடிபட்டவர் ஒத்துக்கொண்டால் கோர்ட்டிலேயே ராஜியாகலாம், அது விடுதலைக்குச் சமம். ஆனால் 118(1) அந்தப் பட்டியலில் இல்லை. அதனால் இரு தரப்பும் மனமொத்துப் போனாலும் மாஜிஸ்திரேட்டால் முழு கேஸையும் முடிக்க முடியாது. மதுரையில் இருக்கும் உயர் நீதிமன்றக் கிளையில் 528-வது பிரிவின் கீழ் வழக்கை ரத்து செய்யக் கேட்கலாம். இது போன்ற தனிப்பட்ட தகராறுகளில் சமரசத்தை ஏற்று உயர் நீதிமன்றம் ரத்து செய்யலாம் என்று 2012-ல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியிருக்கிறது. ஒரே ஊர், பக்கத்துத் தெரு, அடுத்த திருவிழாவுக்கும் சேர்ந்துதான் முளைப்பாரி எடுக்க வேண்டும். அடிபட்ட பையனின் வீட்டாரிடம் பெரியவர்களை வைத்துப் பேச முடியுமானால் பேசுங்கள். மிரட்டலோ நெருக்குதலோ துளியும் இருக்கக் கூடாது. உங்கள் மகன் ஜாமீனில் இருக்கிறான், சாட்சியைக் கலைத்தான் என்று ஒரு புகார் போனால் ஜாமீனே ரத்தாகும். அவன் நேரடியாகப் போகவே வேண்டாம். உங்கள் தரப்பிலும் அடிபட்டு எதிர்க் கேஸ் ஏதாவது இருந்தால் அதையும் வக்கீலிடம் சொல்லுங்கள். இரண்டையும் ஒரே கோர்ட் அடுத்தடுத்து விசாரிக்க வேண்டும் என்பது நடைமுறை, சமரசமும் இரண்டுக்கும் சேர்த்தே செய்ய வேண்டும்.

இப்போது வேலை. போலீஸ் பணிக்கான தமிழ்நாட்டு விதிகள் மற்ற வேலைகளைவிடக் கறாரானவை. கோர்ட் விடுதலை செய்துவிட்டாலும், அது சந்தேகத்தின் பலனைக் கொடுத்து வந்த விடுதலையாகவோ, புகார்தாரர் பிறழ் சாட்சியானதால் வந்ததாகவோ இருந்தால், கிரிமினல் கேஸில் சம்பந்தப்பட்டவராகவே கருதுவார்கள். சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2008-ல் இதை உறுதி செய்திருக்கிறது. ‘குற்றச்சாட்டு நிரூபிக்கப்படவில்லை’ என்று நன்றாக விசாரித்து வரும் தீர்ப்பும், ‘சாட்சிகள் பல்டி அடித்துவிட்டார்கள், வேறு வழியில்லை’ என்று வரும் தீர்ப்பும் ஊருக்கு ஒன்றுதான், தேர்வாணையத்துக்கு வேறு வேறு. அதனால் எல்லாச் சாட்சிகளையும் ‘சரிக்கட்டிவிடலாம்’ என்று யாராவது சொன்னால், நியாயத்தை விடுங்கள், உங்கள் மகன் காரியத்துக்கே அது உதவாது. விண்ணப்பித்தவரைப் பற்றிப் போலீஸ் விசாரித்துச் சரிபார்க்கும் நேரத்தில் கேஸ் நிலுவையில் இருந்தால் அந்தத் தேர்வில் வாய்ப்பு போய்விடும். பின்னால் முழுமையான விடுதலை கிடைத்தாலும் அடுத்த தேர்வில்தான் கலந்துகொள்ள முடியும். ஆகவே டிஸ்சார்ஜுக்கோ உயர் நீதிமன்ற ரத்துக்கோ இடம் இருந்தால் இப்போதே பார்த்துவிடுவது, விசாரணையை வருடக்கணக்கில் இழுக்க விடுவதைவிட மேல்.

விண்ணப்பத்தில் கேஸ் பற்றிக் கேட்டால் மறைக்கவே கூடாது. கைது, நிலுவை, தண்டனை என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கேட்பார்கள். இன்றைய தேதியில் உங்கள் மகன் எழுத வேண்டியது: கைதானது ஆம், வழக்கு நிலுவையில் இருப்பது ஆம், தண்டனை இல்லை. மறைத்தால், கேஸ் அற்பமாக இருந்தாலும் மறைத்ததே வேலையைப் பறிக்கக் காரணமாகலாம். 2016-ல் உச்ச நீதிமன்றம் இதற்கென்றே வழிகாட்டுதல்கள் கொடுத்திருக்கிறது. வேறு அரசு வேலைகளில் கேஸின் தன்மையைப் பார்த்து முடிவெடுக்கும் இடம் இன்னும் இருக்கிறது, எனவே படிப்பதை நிறுத்தச் சொல்லாதீர்கள். குரூப் 4-க்கும் சேர்த்துப் படிக்கட்டும்.

சம்மன் தேதியன்று அவன் கட்டாயம் போக வேண்டும். போகாவிட்டால் ஜாமீனில் விட முடியாத பிடியாணை, அதாவது என்.பி.டபிள்யூ. வரும். காய்ச்சலோ தேர்வோ என்றால் அன்று காலையிலேயே வக்கீல் மூலம் ஆஜராகாமைக்கு மனு போட வேண்டும். 317 மனு என்று பழக்கத்தில் சொல்வார்கள், இப்போது அது 355. ஆதார் நகல், ஜாமீன் உத்தரவு, சம்மன் மூன்றையும் கொண்டுபோகச் சொல்லுங்கள். சம்மனில் எழுத்தும் எண்ணுமாக 16 இடம் கொண்ட சி.என்.ஆர். எண் (கேஸின் தனி அடையாள எண்) இருந்தால், இ-கோர்ட்ஸ் செயலியில் போட்டு அடுத்த வாய்தா தேதியை நீங்களே பார்த்துக்கொள்ளலாம், ஒவ்வொரு தடவையும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. வக்கீல் ஃபீஸ் பெரும் பாரமாக இருந்தால் உங்கள் தாலுகா கோர்ட் வளாகத்தில் இருக்கும் வட்ட சட்டப் பணிகள் குழுவில் மனு கொடுங்கள், அல்லது 15100-க்குப் போன் செய்யுங்கள். ஏற்கெனவே இருக்கும் வக்கீலையே வைத்துக்கொள்வதானால், அடுத்த முறை பார்க்கும்போது இந்த மூன்றை மட்டும் கேளுங்கள்: நகல் என்றைக்குக் கைக்கு வரும், 60 நாள் என்றைக்கு முடிகிறது, 118(1)-ல் என் மகன் பெயரைச் சொல்லும் சாட்சிகள் யார் யார்?